பூமீன் காய்த்த வருஷம்

நாச்சிமுத்துவின் கருமாதியன்று பண்டாரம் உடைத்த தேங்காய்க்குள் ஒரு பூமீன் இருந்தது. சுண்டுவிரல் நீளம்தான். தண்ணீரோடு வழுக்கி வாழையிலையில் விழுந்து, எள்ளுக்கும் பச்சரிசிக்கும் நடுவே வாலை இரண்டு தரம் அடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. பண்டாரம் அதைப் பார்த்தார், பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள், செத்தவனின் பெண்டாட்டி மயிலாத்தாளும் பார்த்தாள்.

"பூமீனாட்டம் இருக்குது," என்றார் பண்டாரம்.

"பூமீனேதானுங்க," என்றான் நாச்சிமுத்துவின் தம்பி சென்னியப்பன்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது, கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் மதியப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மயிலாத்தாள் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மீனை அதில் விட்டாள். பண்டாரம் இரண்டாவது தேங்காயை எடுத்து உடைத்தார். அதிலும் ஒன்று இருந்தது.

மேற்கே மலையில் பிறந்து மடுவம்பாளையத்தை ஒட்டி ஓடின அந்த ஆற்றில் ஒரு காலத்தில் பூமீன்கள் முழங்கை நீளத்துக்கு, வெற்றிலை அகலச் செதிலும் பொன் நிறமுமாய்த் திரிந்தன என்பதும், ஊருக்குத் தெற்கே ஆறு வளைகிற இடத்தில் இருந்த கன்னிமடுவில் அவை கூட்டம் கூட்டமாய் நின்றன என்பதும், கரையில் கல்லாய் நிற்கிற ஏழு கன்னிமாரின் பிள்ளைகள் அவை என்பதால் எப்பேர்ப்பட்ட பஞ்சத்திலும் அவற்றின் மேல் ஒருவரும் தூண்டில் போட்டதில்லை என்பதும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதல்முடி எடுத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பொரி இறைப்பார்கள். மீன்கள் வாயை வட்டமாய்த் திறந்து வாங்கிக்கொள்ளும். பொரியை வாங்காமல் மீன் திரும்பிப் போனால் அந்த வீட்டில் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு சோளமும் கடலையும் போன மண்ணில் தென்னை வந்தது. தென்னைக்குப் பின்னால் மோட்டார் வந்தது. ஆற்றைக் கொல்ல வேண்டும் என்று அங்கே ஒருத்தரும் நினைத்ததில்லை. மேற்கே இருந்தவன் தன் மரத்துக்கு வேண்டியதை எடுத்தான், கிழக்கே இருந்தவன் தன் மரத்துக்கு வேண்டியதை எடுத்தான், அக்கரைக்காரன் எடுத்தான், இக்கரைக்காரன் எடுத்தான், எல்லோரும் எடுத்தது போக மிச்சம் இருந்ததுக்கு ஆறு என்று பேர் இருந்தது. கடைசியில் கன்னிமடு மட்டும் நின்றது. அந்தக் கோடையில் நாச்சிமுத்து தன் மோட்டாரை மடுவின் ஆழத்துக்கு இறக்கப் போனான். கல்லில் உரசித் தோல் உரிந்திருந்த ஒயரை அவன் பார்க்கவில்லை. கரண்டை நிறுத்திவிட்டு அவனைத் தூக்கும்போது மடுவில் மிஞ்சியிருந்த மீன்கள் அக்கரைப் பாறையோரம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தன என்று தூக்கினவர்கள் சொன்னார்கள்.

மரங்கள் தலை தொங்கி நின்றதால், எடுத்துப் புதைத்த மறுநாளே சென்னியப்பன் ஒயரை மாற்றி மோட்டாரைப் போட்டான். சாயங்காலத்துக்குள் மடு வற்றிவிட்டது. நாற்றம் எடுக்கும் என்று ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. காக்கைகள் வந்து இறங்கிச் சேற்றில் நடந்து பார்த்துவிட்டு ஏமாந்து பறந்து போயின. ஒரு செத்த மீன்கூட அங்கே இல்லை. தண்ணீர் போன வழியே மீனும் போயிருந்தது.

தேங்காய் விளைய ஒரு வருஷம் பிடிக்கும் என்ற கணக்கெல்லாம் அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. வயசான மரம், இளம் மரம், நெட்டை, குட்டை என்று பேதம் இல்லாமல் எல்லா மரத்துக் காயிலும் பூமீன் வந்தது, வந்ததும் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. எளநிக் கடைக்காரன் சீவின காயைக் கவிழ்த்து டீ வடிகட்டி வழியாக டம்ளரில் ஊற்றிக் கொடுக்கப் பழகினான். வெளியூர்க்காரர்கள் முகம் சுளித்தால், "எங்கூர்க் காய் அப்படித்தானுங்க," என்பான். பிள்ளையார் கோயிலில் பண்டாரம் தேங்காய் உடைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை அண்டாவில் தண்ணீர் வைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் தேங்காய் துருவுகிற பெண்கள் முதலில் மீனை எடுத்து வாளியில் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். செக்கில் ஆட்டின எண்ணெயில் பாசி வாடை வந்தது. அதைத் தேய்த்துக் குளித்தவர்கள் தலை துவட்டின பிறகும் ஆற்றில் முழுகி எழுந்தது போலவே இருக்கிறது என்று சொன்னார்கள், சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள். மீன் இருக்கிற காயையும் இல்லாத காயையும் பிரிக்கத் தெரிந்துகொண்டார்கள். காதோரம் வைத்து ஆட்டினால் வெறுங்காய் சளக் என்று நிற்கும். மீன்காய் சளக்கென்று, கொஞ்சம் பிந்தி, உள்ளே ஒரு டொக். வெறுங்காய்க்குச் சைவக்காய் என்று பேர் வந்தது. வியாபாரி முதலில் சைவக்காய் மட்டும்தான் வேண்டும் என்றான். கொஞ்ச நாளில் பட்டணத்தில் அதிசயம் பார்க்கிறவர்கள் பெருகிவிட்டதால் மீன்காய் மட்டும்தான் வேண்டும் என்றான்.

மீனைத் தின்னக் கூடாது என்று பண்டாரம் சொன்னார், எல்லோரும் ஆமாம் என்றார்கள். முதலில் தின்றது யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது; ஆளாளுக்கு அடுத்த வீட்டைக் கைகாட்டினார்கள். ஒரு ருசியும் இல்லை, வாயில் ஈரம் பட்ட மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னார்கள். ஆனாலும் தின்றார்கள்.

மயிலாத்தாள் தின்னவில்லை. பக்தி என்று சொல்ல முடியாது. புருஷன் செத்ததிலிருந்து அவளுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. சாவு வீட்டில் பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவள் அவர்களுடைய முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அழுதால் சரியாகிவிடும் என்றார்கள். அழ உட்கார்ந்தும் பார்த்தாள், வரவில்லை. காலையில் எழுந்தாள், மாட்டைக் கறந்தாள், களத்தில் உட்கார்ந்து காய்களைக் காதோரம் வைத்து ஆட்டினாள். தன் தோப்புக் காயில் வந்த மீன்களை மட்டும் மாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியில் கொண்டுபோய் விட்டாள்.

தொட்டியில் மீன்கள் வளரவில்லை, சாகவுமில்லை. பொரி இறைத்தால் தின்னவில்லை. ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே, பித்தளை வளையல் உருளுவது போலச் சின்னச் சின்ன வட்டமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. மாடு வந்து வாய் வைத்தால் விலகி, மாடு போனதும் அதே இடத்துக்கு வந்து மறுபடி சுற்றியது.

மீன்களைப் பற்றிப் படிக்கிற ஒரு பெண் ஒருநாள் ஜீப்பில் வந்தாள். ஊர்க்காரர்கள் அவளுக்கு அண்டாவைக் காட்டினார்கள், வாளியைக் காட்டினார்கள், கடைசியில் மயிலாத்தாள் வீட்டுத் தொட்டிக்கு அழைத்து வந்தார்கள். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த ஆத்துல இந்த மீனே இல்லன்னு போன மாசம்தாங்க எழுதிக் குடுத்தேன்," என்றாள். "உலகத்துலயே கொஞ்சம்தான் மிச்சம்."

"இங்க நெறைய இருக்குது," என்றாள் மயிலாத்தாள்.

"இது இருக்கறதுன்னு ஆகாதுங்கம்மா. இதுக்கு ஓடற தண்ணி வேணும். குளுந்த தண்ணி, அடியில கூழாங்கல்லு. எதுத்து நீந்தணும். அப்பத்தான் முட்டை வைக்கும். நின்ன தண்ணியில உசுரோட கெடக்கும், அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே அந்தப் பெண் அழுதுவிட்டாள். மயிலாத்தாள் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் எப்படிக் கட்டுகிறது, எப்படி இமையைத் தாண்டுகிறது என்று, எப்போதோ தானும் போன ஊருக்கு வேறொருத்தி பஸ் ஏறுவதைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜீப் போனபிறகு மயிலாத்தாள் கையைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீரைக் கலக்கினாள். தண்ணீர் ஓடியது. மீன்கள் வட்டத்தை விட்டுவிட்டு ஒரு நொடி திகைத்து, ஓட்டத்துக்கு எதிரே தலையைத் திருப்பின. அவள் கையை எடுத்தாள். தண்ணீர் நின்றது, மீன்கள் வட்டத்துக்குத் திரும்பின. அன்றைக்குப் பொழுது சாய்கிறவரை அவள் கலக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் சென்னியப்பன் வாசலில் வந்து நின்றான். அண்ணன் இருந்தபோதும் சரி, போனபிறகும் சரி, அண்ணன் பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவன் அவன்.

"நங்கையா, மோட்டார் ரூம் சாவியக் காணமுங்க."

"எங்கிட்ட இருக்குது."

"மூணு பேஸ் கரண்டு வந்திருச்சு. தண்ணி பாய்ச்சோணும்."

மடு வற்றின பிறகு அதன் நடுவில் ஒரு குழி வெட்டி, அதில் ஊறுகிற தண்ணீரைத்தான் அவர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம் தம்பி," என்றாள் மயிலாத்தாள்.

"மரம் செத்துருமுங்க. அண்ணன் வெச்ச மரம்."

"தெரியும்."

"நாம நிறுத்துனா மேக்க இருக்கறவன் இழுப்பான், அக்கரைல இருக்கறவன் இழுப்பான். ஆத்துக்கு ஒரு சொம்புத் தண்ணி எச்சா வராது."

"தெரியும்."

"பின்ன எதுக்குங்க?"

அவள் தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். கோபம் இல்லை, துக்கம் இல்லை, நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. "இழுக்க வேண்டாம்னு இருக்குது," என்றாள்.

பூட்டை உடைக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் அவன் உடைக்கவில்லை. வீட்டுக் கிணற்றில் இருந்த தண்ணீரை வைத்துத் தன் பங்கு மரங்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டான். மயிலாத்தாளின் மரங்களில் முதலில் குரும்பை உதிர்ந்தது, அப்புறம் மட்டை தொங்கியது, அப்புறம் ஒன்றொன்றாய்த் தலை சாய்ந்து விழ, மரங்கள் வெறும் தூணாய் நின்றன. ஊரில் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள்; புருஷனைக் குடித்த தண்ணீர் மேல் அவளுக்கு வஞ்சம் என்று சிலர் சொன்னார்கள். அவள் இரண்டையும் மறுக்கவில்லை. தோப்பு வழியாய் நடக்கும்போது எந்த மரத்தை அவன் எந்த வருஷம் வைத்தான் என்று ஞாபகம் வரும். வரும், போகும்.

குழியில் தண்ணீர் ஊறி மடுவில் முழங்கால் அளவுக்கு நின்றது. மேலே இருந்து கசிந்தது, கீழே கொஞ்சம் வழிந்து ஓடியது. மயிலாத்தாள் தொட்டியில் இருந்த மீன்களைக் குடம் குடமாய்ச் சுமந்துபோய் அதில் விட்டாள். வாலில் கிழிசல் இருந்த ஒன்று, கருமாதியன்று இலையில் விழுந்தது, அவள் புறங்கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனது.

இரண்டு நாளைக்குள் அக்கரைக் கிட்டுசாமி அந்த மடுவுக்குக் குழாய் இறக்கிவிட்டார். மயிலாத்தாள் போய்ப் பார்த்தபோது சேறுதான் இருந்தது. மணல்மேல் நடந்து அக்கரைக்குப் போனாள். கிட்டுசாமி களத்தில் கொப்பரை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"மாமா, மடுவுல மீன் விட்டிருந்தனுங்க."

"அப்படியா அம்மிணி? தண்ணி வீணாத்தான கெடக்குதுன்னு இழுத்தேன்." அவர் நிஜமாகவே சங்கடப்பட்டார். "எனக்கும் மரம் காயுது. என்ன பண்றது சொல்லு."

அவள் அதே மணல்மேல் நடந்து திரும்பி வந்தாள். ஐப்பசி பிறக்கும் சமயத்தில் ஒருநாள் கிட்டுசாமியே ஒரு டம்ளரை ஏந்திக்கொண்டு மணலைத் தாண்டி வந்தார். உள்ளே ஒரு மீன் சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்க தோட்டத்துக் காயில இருந்துது. வால்ல கிழிசல் இருக்குது. உன்றதா பாரு."

"என்றதுதானுங்க மாமா."

அவர் டம்ளரைக் கொடுத்துவிட்டு, கொஞ்சநேரம் அவளுடைய மொட்டை மரங்களைப் பார்த்துவிட்டுப் போனார். குழாயை அவர் எடுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் மேற்கே மலையில் புயல் மழை பிடித்தது. அங்கே இருந்த அணை நிரம்பித் திறந்துவிட்டார்கள். பல வருஷமாய் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மணலின் மேல் ஆறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு, செந்நிறமாய், மரமும் மட்டையும் புரட்டிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்கக் கரைக்கு வந்தது. பண்டாரம் கன்னிமாருக்குச் சூடம் காட்டிவிட்டு, "அவங்க புள்ளைங்கள அவங்ககிட்டயே சேர்த்தீருவோம்," என்றார். அது சரி என்று எல்லோருக்கும் பட்டது. டிராக்டரில் காய் வந்தது, மாட்டு வண்டியில் வந்தது, சைக்கிள் கேரியரில் வந்தது, கூடையில் தலைச்சுமையாய் வந்தது. மயிலாத்தாள் கிழிசல் வால் மீனைச் சொம்பில் கொண்டுவந்து விட்டாள். படித்துறைக் கல்லில் ஆணும் பெண்ணும் வரிசையாய் உட்கார்ந்து உடைத்து உடைத்துத் தண்ணீரில் கவிழ்த்தார்கள், பெண்கள் குலவை போட்டார்கள், சிரட்டைகள் மிதந்து போயின, மீன்கள் பொன் பொன்னாய் வெள்ளத்தில் இறங்கின, அவ்வளவு மீன் அந்த ஆற்றில் அதற்கு முன்னால் ஒருபோதும் இருந்ததில்லை.

குலவை முதலில் படித்துறையின் கோடியில் நின்றது. பிறகு ஒவ்வொருவராய் நிறுத்தினார்கள். இறங்கின மீன்கள் நீந்திப் போகவில்லை. இறங்கின இடத்திலேயே வளைந்து, வாலைத் தலை துரத்துகிற மாதிரி, ஒரு தேங்காயின் உட்புறம் எவ்வளவோ அவ்வளவு வட்டமாய்ச் சுற்றின. சுற்றினபடியே வெள்ளம் அவற்றை இழுத்துக்கொண்டு போனது. மடுவின் வளைவில் ஓட்டம் தணிந்த இடத்தில் ஒதுங்கினவை மட்டும் ஆயிரம் சின்ன வளையமாய்ச் சுழன்றுகொண்டிருந்தன.

"கோலம் போட்ட மாதிரி இருக்குது," என்று யாரோ சொன்னார்கள்.

பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொழுது இறங்கினதும் மாடு கறக்க வேண்டும் என்று கிளம்பிப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் மயிலாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடுவில் இறங்கினாள். வெள்ளம் தணிந்து தண்ணீர் இடுப்பு வரை நின்றது. ஒரு வளையத்துக்குள் இரண்டு கையையும் நுழைத்து மீனை ஏந்தினாள். பிறந்த குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவள் கை காலை நீவிவிடுவது போல, வளைந்திருந்த அதன் முதுகைக் கட்டை விரலால் நீவினாள். தலை மேற்கே பார்க்கும்படி, ஓடிவருகிற தண்ணீர் அதன் மூக்கில் நேரே மோதும்படி பிடித்துக்கொண்டாள். அது வளையப் பார்த்தது, அவள் விடவில்லை. வெகுநேரம் கழித்து அதன் உடம்பு நேரானது. கையை விரித்தாள். மீன் ஓட்டத்துக்கு எதிரே, இருந்த இடத்திலேயே, நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு போய்விட்டது.

அவள் அடுத்ததை எடுத்தாள். சில மீன்கள் நேராகின. பல மீன்கள் கையை விட்டதும் வளையத்துக்கே திரும்பின. சில அவள் கையிலேயே அடங்கிப் போயின, அவற்றை அவள் கரையோரம் புல்லில் வைத்தாள். வாலில் கிழிசல் இருந்தது எந்தப் பக்கம் போனது என்று அவள் கவனிக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் கையில் இருந்தன.

வெயில் ஏறும்போது சென்னியப்பன் மோட்டார் ரூம் சாவி கேட்க வந்தான். கரையில் நின்று பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

"எப்படிப் புடிக்கோணுமுங்க?"

"தலை மேக்கப் பாத்தாப்ல. அழுத்தாத. நீவு."

அண்ணன் பெண்டாட்டியும் கொழுந்தனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன்களை நீவி நேராக்கிக்கொண்டிருந்தார்கள். அணையை மூடிவிட்டார்கள். மேற்கேயும் அக்கரையிலும் மோட்டார்கள் ஒவ்வொன்றாய் எடுக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது, தொடையிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. அடுத்தடுத்த நாட்களிலும் இருவரும் போனார்கள். கணுக்காலுக்குக் கீழே ஓட்டம் நின்றுவிட்டது. ஓட்டம் நின்றபிறகு எந்தத் திசை மேற்கு என்று மீனுக்குக் காட்ட முடியவில்லை. மிச்சம் இருந்தவை தேங்கின குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தன. குட்டையையும் யாரோ இழுத்தார்கள்.

அதற்கப்புறம் காய்த்த எந்தக் காயிலும் மீன் இல்லை. காதோரம் வைத்து ஆட்டினால் சளக் என்று மட்டும் கேட்டது. கொஞ்ச நாள் ஆட்டிப் பார்த்தார்கள், பிறகு ஆட்டுவதை விட்டுவிட்டார்கள். எண்ணெயில் வாடை போய்விட்டது, நல்லதாயிற்று என்றான் வியாபாரி. மயிலாத்தாள் தலை போன மரங்களை வெட்டி எடுத்துவிட்டு, மழைக்கு விளைகிறது விளையட்டும் என்று சோளம் விதைத்தாள்.

அடுத்த தை மாதம் சென்னியப்பன் மலையடிவாரக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சோளக்காட்டு வரப்பில் நின்றுகொண்டு சொன்னான்.

"மேல, பாறை இடுக்குல தண்ணி ஓடற எடத்துல பாத்தனுங்க நங்கையா. பூமீனு. கையகலம் வளந்திருக்குது. நேராத்தான் நீந்துது. நீந்திட்டே இருந்து, நடுவுல ஒருக்கா நின்னு, ஒரு வட்டம் போடுது. அப்புறம் மறுபடி நேராப் போவுது."

மயிலாத்தாள் களைக்கொத்தை நிறுத்தினாள். "எத்தன இருக்குது?"

"மூணு பாத்தனுங்க."

காற்று சோளத்தைச் சாய்த்துவிட்டுப் போனது, தூரத்தில் யாருடைய மோட்டாரோ ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு போதுமா தம்பி, ஒரு ஆத்துக்கு?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க," என்றான் சென்னியப்பன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, குனிந்து, விட்ட இடத்திலிருந்து களையைக் கொத்தத் தொடங்கினாள்.